தலைக்கு ஒரு சுள்ளி

கச்சிராயபாளையம்
14.6.1987

சென்னைப் பட்டணத்தில் அடையாற்றங்கரையோரம் வீற்றிருந்து ஊரார் அடுப்பை ஆராயும் என் அக்காள் மகள் எழில்மதிக்கு, மேலத்தெரு மூன்றாம் வீட்டுச் சக்கரவர்த்தியும் இரண்டு பசுக்களின் தலைவனுமாகிய தாய்மாமன் ஆதிமூலம் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். அவளுக்கு அடுப்புப் புகையில் வந்த இருமல் மட்டும் விடவில்லை. நேற்று அவள் இருமிய இருமலில் கோமுகி அணையின் மதகு தானாகத் திறந்துகொண்டது என்று ஊரில் பேச்சு. உன் உடம்பும் அக்காள் உடம்பும் எப்படி என்று எழுது.

உன் கடிதம் வந்தது. நீங்கள் நடத்தும் எரிசக்தி ஆய்வு மையம் ஜூலையில் எங்கள் ஊருக்கும் கல்வராயன் மலைக்கும் வருமாம். வீட்டுக்கு வீடு எத்தனை பேர், எவ்வளவு விறகு எரிக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுமாம். அந்தக் கணக்கை டெல்லியில் ஓர் அறக்கட்டளையிடம் காட்டினால் அவர்கள் பணம் தருவார்களாம். அந்தப் பணத்தில் நீங்கள் சாண எரிவாயு அடுப்பு கட்டித் தருவீர்களாம். மருமகளே, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைப் பார்த்து, வாலைப் பார்த்து, அதன் ஜாதகத்தையும் வாங்கிப் பார்க்கிற வம்சம். டெல்லிக்காரனுக்கு என் வீட்டு அடுப்பில் என்ன அக்கறை? என் அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்று என் சம்பந்தியே கேட்டதில்லை.

அது போகட்டும். நீ வா. உன்னை முன்னிட்டு ஊர் எல்லையில் பத்தாயிரம் பேரை நிறுத்துகிறேன். குறைந்தது நானும் மாட்டு வண்டியும் இருப்போம்.

இப்படிக்கு, சந்தேகத்தோடும் பாசத்தோடும்,
ஆதிமூலம்

*

சென்னை-20
22.6.1987

அன்புள்ள மாமாவுக்கு எழில்மதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அத்தைக்கு இருமல் என்று நீங்கள் வேடிக்கையாக எழுதினாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்குச் சம்பந்தி எப்போது முளைத்தார் என்றும் எழுதுங்கள்.

உங்கள் சந்தேகத்தில் தப்பில்லை. பதில் எளிமையானதுதான். விறகுக்காக மலை மொட்டையாகிறது, புகையில் பெண்கள் இருமுகிறார்கள். இதை வாயால் சொன்னால் யாரும் பணம் தரமாட்டார்கள், எண்ணாகச் சொன்னால்தான் தருவார்கள். முதல் வருஷப் பணத்தில் கணக்கெடுப்பும், உங்கள் ஊர்க் காலனியில் பன்னிரண்டு வீட்டுக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலனும் தொடங்குகிறோம். கணக்கு சரியாக இருந்தால்தான் இரண்டாம் வருஷப் பணம். தனி வீடுகளுக்கு அப்போதுதான் கட்ட முடியும். ஐந்து பேருக்கு மேல் உள்ள வீடுகளுக்குத்தான் தருவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தையிடம் ஆசை காட்டிவிடாதீர்கள்.

நானும் எங்கள் அலுவலகத்து ஜீவாவும் ஜூலை முதல் வாரம் வருகிறோம். நான் மலைக்குப் போவேன், ஊரை ஜீவா பார்ப்பார். ஒரே ஒரு வேண்டுகோள், மாமா. நாங்கள் வருவதற்கு முன்னால் டீக்கடையில் எங்களைப் பற்றி எதுவும் சொல்லி வைக்காதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.
எழில்மதி

*

கச்சிராயபாளையம்
9.8.1987

எண்களின் அரசி எழில்மதிக்கு மாமன் ஆதிமூலத்தின் ஆசி. இங்கு எல்லோரும் சுகம். அத்தை இருமல் அப்படியேதான். டாக்டர் 'புகையில நிக்காதம்மா' என்று சொல்லி ஊசி போட்டார். பிறகு சமையலை யார் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் கணக்கெடுப்பு போல ஒன்றை இந்தத் தாலுகா கண்டதில்லை. அரைப் படி நெல் என்றாலும் அதிகாரியிடம் வாய் திறக்காத சனம், ஜீவாவைப் பாயில் உட்கார வைத்து மோர் கொடுத்துப் பதில் சொன்னது. தங்கதுரையைத் தெரியும் அல்லவா, எங்கள் தெருக்கோடி வீடு, இப்போது எங்கள் சாதிச் சங்கத்தில் பெரிய ஆள். அவனே ஜீவா கையைப் பிடித்து, 'எங்க வூட்ட வுட்டுட்டுப் போயிடாதீங்க சார், நல்லா எழுதிக்கோங்க' என்றான். எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிற சனத்தை நீ பார்த்திருக்கிறாயா? மலையிலும் அப்படித்தானே? நீ இறங்கி வந்த அன்று முகம் கொஞ்சம் வாடியிருந்தது. வெயிலாக இருக்கும்.

காலனியில் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். அந்த ஆழத்தைப் பார்த்தால் மறுபக்கம் அமெரிக்கா தெரியும் போலிருக்கிறது. அங்கே குடியிருக்கிற ஆயம்மாள் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, 'எப்ப சாமி நெருப்பு வரும்' என்று என்னைக் கேட்கிறாள். நான்தான் கலன் கட்டுகிறேன் என்று நினைப்பு. நான் மறுக்கவில்லை.

ஆசிகளுடன்,
ஆதிமூலம்

*

சென்னை-20
27.8.1987

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நலம். உங்கள் நலமும் அத்தை நலமும் அறிய விரும்புகிறேன்.

மலையில் என் முகம் வாடியது வெயிலால் இல்லை. அந்தக் குளிரில், கூரையெல்லாம் கரி படிந்த வீட்டில், அடுப்பெதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவர், 'நாங்க வெறகே எரிக்கறதில்லம்மா' என்றார். வனக்காவலர் அபராதம் போடுவார் என்ற பயம் எனக்குப் புரிந்தது. அதற்கு வழி செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் உங்கள் ஊர்க் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஜீவா எழுதி வந்த படிவங்களை இயக்குநர் கூட்டிச் சுருக்கி டெல்லிக்கு அனுப்பிவிட்டார். நான் பிறகுதான் பார்த்தேன். மேலத்தெருவில் வீட்டுக்குச் சராசரியாகப் பதினான்கு பேர். விறகு மட்டும் இரண்டு பேருக்குக்கூடக் காணாது.

உங்கள் வீட்டுப் படிவத்தையும் பார்த்தேன். பத்தொன்பது பேர் என்று இருக்கிறது. பெயரும் வயதும் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களை நான் யாரிடமும் படித்துக் காட்டவில்லை.

மாமா, நம் வீட்டில் நீங்களும் அத்தையும் மட்டும்தான் என்று எனக்குத் தெரியாதா? ஏன் இப்படி எழுதச் சொன்னீர்கள்? உடனே பதில் போடுங்கள்.

எழில்மதி

*

கச்சிராயபாளையம்
4.10.1987

மருமகள் எழில்மதிக்கு மாமன் எழுதுவது. நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம். இந்தத் தடவை அது வெறும் வழக்கத்துக்கு எழுதுவது இல்லை. நீ பத்திரிகையில் படித்திருப்பாய். ஒரு வாரம் பஸ் இல்லை, தபால் இல்லை. உன் கடிதம் எப்போது வந்தது என்றே எனக்குச் சரியாகத் தெரியாது.

மறியல் தொடங்கிய அன்று கள்ளக்குறிச்சி சாலைப் புளியமரங்களைப் படுக்க வைத்துவிட்டார்கள். நானும் போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது. எங்கள் சனத்துக்கு இருபது விழுக்காடு இடஒதுக்கீடு என்று நான் போட்ட கோஷத்தில் தியாகதுருகம் கோட்டையிலிருந்து இரண்டு கல் உருண்டதாகச் சொல்கிறார்கள். பிறகு வடக்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு நான் கோஷம் போடவில்லை. தெருவே வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டது. தங்கதுரையைப் பிடித்துப் போய்ப் பதினைந்து நாள் வைத்து அனுப்பினார்கள்.

விழுந்த மரங்களைப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேள். ஆளுக்கு ஒரு கிளை. மேலத்தெருவில் இப்போது எந்தக் கொல்லையைத் திறந்தாலும் புளிய விறகு. ஆனால் மரம் வெட்டியவன் யார் என்று போலீஸ் வீடு வீடாக வந்து விறகைத்தான் பார்க்கிறது. அதனால் இரவோடு இரவாக எல்லா விறகும் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது. இன்றைய தேதிக்கு இந்த ஊரில் யாரும் சமைப்பதே இல்லை, சூரியனைப் பார்த்துப் பசியாறுகிறார்கள் என்று எழுதிக்கொள்.

மழை வருகிறது. காலனிக் குழியில் தண்ணீர். அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஆதிமூலம்

*

சென்னை-20
19.10.1987

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நீங்கள் நலமாக இருப்பது கண்டு நிம்மதி. நான் அவ்வளவு நலமில்லை.

டெல்லியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் கணக்குப்படி உங்கள் ஊரில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு எரிப்பது ஒரு சுள்ளி. 'இந்த விறகில் ஒரு குவளை வெந்நீர்கூடக் காயாது. ஒன்று, இந்த மக்கள் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். அல்லது, கணக்கெடுத்தவர்கள் எந்த வீட்டுக்கும் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் வருஷப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். கணக்கெடுப்புக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவள் நான். பொய்க் கணக்கு என்று முடிவானால் என் வேலை போகும், அதோடு மையத்தையும் மூட வேண்டியதுதான். வேறெங்கும் யாரும் என் எண்ணை நம்பமாட்டார்கள்.

ஜீவா ஒன்று சொன்னார். நாங்கள் வருவதற்கு முன்பே உங்கள் ஊர் டீக்கடையில் இப்படிப் பேச்சு இருந்ததாம்: 'தல எண்றது இருபது விழுக்காட்டுக்கு, அதனால தலய ஜாஸ்தி சொல்லு. வெறகு எண்றது ஃபாரஸ்ட்டு அபராதத்துக்கு, அதனால வெறகக் கம்மியா சொல்லு.' முதலில் சொன்னவர் யார் என்றும் அவர் கேட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களைத்தான் கேட்கிறேன்.

டெல்லியிலிருந்து ஒருவர் வருவார். படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவரே வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார். என்மேல் சந்தேகம் இருப்பதால் நான் கூட வரக் கூடாது என்று உத்தரவு.

எழில்மதி

*

கச்சிராயபாளையம்
5.11.1987

அதிகாரி எழில்மதி அவர்களுக்கு, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆதிமூலம் பணிவுடன் எழுதிக்கொள்வது. குற்றவாளி சுகம். குற்றவாளியின் மனைவி இருமுகிறாள்.

யாரோ ஒரு ஜீவா டீக்கடையில் காது வைத்துக் கேட்டது உனக்கு வேதம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மயிலம் திருவிழா காட்டிய மாமன் சந்தேகக் கேஸ். இருக்கட்டும். நானும் கேட்கிறேன். அந்த ஜீவா எந்த ஊர், எந்த ஆட்கள்? டெல்லிக்காரனுக்கு அடுப்புதான் வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர் பெயர் எதற்கு, வயது எதற்கு? எங்கள் தலைகளைக் குறைத்துக் காட்ட யாராவது பணம் கொடுத்து அனுப்பிய கணக்கா இது? நான் கேட்கவில்லை, தெரு கேட்கிறது. உன் மாமனாக நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது போய் ஒருவனிடம், 'அப்பா, உன் வீட்டில் பதினாலு பேர் இல்லை, ஆறு பேர்தான், திருத்திக்கொள்' என்று சொல்லிப் பார். செத்தவர்களுக்குப் படம் வைத்து மாலை போட்டிருக்கிற நேரம் இது. தலை இருக்கிறது என்று காட்டத்தான் போனார்கள். இன்றைக்கு ஒரு தலை குறைகிறது என்று சொன்னால் சொன்னவன் விலை போய்விட்டான் என்று அர்த்தம். அவனுக்கு டீக்கடையில் டீ கிடைக்காது.

ஆகவே நீ கவலையை விடு. டெல்லிக்காரனை என்னிடம் ஒப்படை. பத்தொன்பது என்று எழுதியிருந்தால் பத்தொன்பது பேரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். தங்கதுரை, 'ஆளுதான மாமா வேணும், நான் கொண்டாந்து ஒக்கார வெக்கிறேன்' என்கிறான். விறகும் கரும்புக்குள்ளிருந்து வரும். நாங்கள் மனது வைத்தால் கணக்கு தானாகச் சரியாகும்.

ஆயம்மாளின் ஆடு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. அவள் என்னிடம் இப்போது நெருப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆதிமூலம்

*

சென்னை-20
12.11.1987

மாமாவுக்கு வணக்கம். அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரையும் கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள். அவர் கண்டுபிடிப்பார். அப்போது பொய்க்கணக்கு எழுதியதோடு ஆள் வைத்து நாடகமும் ஆடியவள் ஆவேன் நான்.

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

எழில்மதி

*

கச்சிராயபாளையம்
29.1.1988

மருமகளுக்கு, பொங்கல் முடிந்து எழுதுகிறேன். சுகம். இத்தனை நாள் எழுதாததற்கு டிசம்பர் கடைசியில் முதலமைச்சர் இறந்து பஸ் ஓடாதது ஒரு காரணம். மற்ற காரணங்களை நீ நம்பமாட்டாய்.

டெல்லிக்காரர் நேற்றுமுன்தினம் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். இட்லியை ஸ்பூனால் சாப்பிட்டார். கூடக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாத்தியாரைப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல அழைத்து வந்திருந்தார். மேலத்தெருவில் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். வந்தார், பார்த்தார், போனார்.

வேறு சேதி இல்லை. ஆலையிலிருந்து கரும்பு வெட்டு ஆர்டர் இன்னும் வரவில்லை.

ஆதிமூலம்

*

கச்சிராயபாளையம்
6.2.1988

எழிலுக்கு அத்தை பெரியநாயகி எழுதுறது. நீயும் அண்ணியும் நல்லாயிருக்கணும். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவள், தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோ. உங்க மாமா மாட்டைப் பிடிச்சுக்கினு வயலுக்குப் போயிருக்கார். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. போஸ்ட்மேன்கிட்ட நானே குடுத்துடுவேன்.

அவர் உனக்கு என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. டீக்கடையில அந்தப் பேச்சை ஆரம்பிச்சது அவர்தான். யாரையும் கெடுக்க இல்ல. எல்லாரும் சிரிக்கட்டும்னு ஒண்ணைச் சொன்னார், சனம் அதை நெசம்னு எடுத்துக்கிச்சு. அப்புறம் திருப்பி வாங்க முடியல. அது உனக்கும் தெரியும்னு நினைக்கிறேன்.

ஜீவா தம்பி எங்க வூட்டுக்கு எழுத வந்தப்ப நான் உள்ள அடுப்பு ஊதிக்கினு இருந்தேன். 'வூட்டுல எத்தினி பேரு சார்'னு தம்பி கேட்டுது. இவர் 'பத்தொம்போது'ன்னார். நான் சிரிச்சேன். பேர் சொல்லுங்கன்னு கேட்டதும் முழிப்பார்னு பார்த்தேன். முழிக்கல. பெரியவன் இளவழகன், இருபத்தஞ்சு, கடலூர்ல வேலை, அவன் சம்சாரம், ரெண்டு குழந்தை. அடுத்தவன் பேர், அவன் சம்சாரம் பேர். அப்புறம் இரட்டைப் புள்ளைங்க. கடைசிப் பொண்ணு பூங்கோதை, பதினொண்ணு வயசு, ஆறாவது படிக்குதுன்னார். ஒரு இடத்துலயும் தடுமாறல. மனசுக்குள்ள எப்பவோ எழுதி வெச்சிருந்த மாதிரி. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம். ஒரு நாளும் என் எதிர்ல ஒரு புள்ள பேரு அவர் வாயில வந்ததில்ல. நான் பால் பொங்கினது தெரியாம நின்னேன்.

டெல்லிக்காரர் வந்த அன்னைக்குத் தங்கதுரை காலையிலேயே பதினேழு பேரைக் கொண்டாந்து எங்க வாசல்ல பாய் போட்டு உக்கார வெச்சுட்டான். அவன் அண்ணன் தம்பி, பொண்டு புள்ளைங்க. ஆளாளுக்கு ஒரு பேரைச் சொல்லிக் குடுத்து, 'பேரக் கூப்ட்டா எழுந்து நில்லு, அவ்ளோதான்'னான். மாமா சிரிச்சிக்கினுதான் இருந்தார். வேட்டி மடிப்பெல்லாம் சரி பண்ணிக்கினார்.

டெல்லிக்காரர் காயிதத்தைப் பார்த்துப் பேர் படிச்சார். வாத்தியார் அதைத் தமிழ்ல சொன்னார். இளவழகன்னு ஒருத்தன் எழுந்து நின்னான். அவன் சம்சாரம்னு ஒரு பொண்ணு. தெரு முழுக்கக் கூட்டம், யாரும் சிரிக்கல. நல்லாத்தான் போய்க்கினு இருந்துது. அப்புறம் வாத்தியார் 'பூங்கோதை'ன்னார். தங்கதுரை பொண்ணு எழுந்து நின்னுது. ரெட்டை ஜடை, புதுப் பாவாடை. 'நான்தாங்க பூங்கோதை, இவருதான் எங்க அப்பா'ன்னு மாமாவைக் கை காட்டுச்சு. அந்த ரெண்டாவது பேச்சை அதுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ.

மாமா அந்தப் பொண்ணையே பார்த்துக்கினு இருந்தார். அப்புறம் கிட்டப் போய், 'ஒக்காரு பாப்பா. உங்கப்பா அதோ நிக்கிறாரு'ன்னார். டெல்லிக்காரர்கிட்டத் திரும்பி, 'இது எங்க வூட்டுப் புள்ள இல்லீங்க'ன்னார்.

தங்கதுரை, 'மாமா, இன்னா பேசற'ன்னு கையைப் பிடிச்சான். இவர் கையை எடுத்துவிட்டுட்டார். வாத்தியார் விடல. ஒவ்வொரு பேரா மறுபடியும் கேட்டார். இளவழகன்? இல்லீங்க. அவர் சம்சாரம்? இல்லீங்க. தெரு முன்னாடி நின்னு ஒவ்வொரு பேருக்கும் இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்லிக்கினு வந்தார். குரல் இறங்கிக்கினே போச்சு. பாதியில எனக்குத் தாங்கல. கரித்துணியோட வெளியில வந்து, 'போதும் நிறுத்துங்க. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. நானும் இவரும்தான். ரெண்டு பேரு. எழுதிக்கோங்க'ன்னேன்.

அப்புறம் இவர் சொன்னார், 'அந்தத் தம்பி வூட்டுக்கு வரலன்னு யார்னா சொன்னா நம்பாதீங்க. வந்துச்சு. இந்தப் பாயிலதான் உக்காந்துச்சு. பொய் சொன்னது நானு. எங்க எழில் மேல தப்பு இல்ல'ன்னார். டெல்லிக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். எதிர்வூட்டு அரங்கநாதனும் இன்னும் நாலு வூட்டுக்காரங்களும் அன்னைக்கு உண்மையான கணக்கு சொன்னாங்க. மத்தவங்க கதவைச் சாத்திக்கினாங்க.

தங்கதுரை இப்ப எங்க வூட்டுக்கு வர்றதில்ல. 'எத்தினி பேர் செத்தாங்க, உனக்குத் தலய கொறைக்க எப்படி வாய் வந்துது, டெல்லிக்காரன் எவ்ளோ குடுத்தான்'னு கேட்டுட்டான். டீக்கடையில இவர் போனா பேச்சு நின்னுடுது. இவரும் போறதை விட்டுட்டார். வூட்டுலயே உக்காந்திருக்கார். பேச்சும் கம்மியாயிடுச்சு. எனக்கு அதுதான் பயமா இருக்கு. நீ ஒரு கடிதாசி போடு. நான் எழுதினேன்னு சொல்லாத.

அத்தை பெரியநாயகி

*

சென்னை-20
20.2.1988

என் அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் எழில்மதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

டெல்லி அறிக்கை வந்துவிட்டது. படிவங்கள் வீடு வீடாகப் போய் எழுதப்பட்டவைதான், எழுதியவர்கள்மேல் தவறில்லை என்று முடிவு. 'மக்கள் எங்களைச் சந்தேகித்ததால் வந்த பிழை. அந்தச் சந்தேகத்தை முன்பே யோசிக்காதது எங்களுடைய பிழையும்தான்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை படிவத்தில் பெயர் கேட்கமாட்டோம். ஏப்ரலில் மறுபடியும் கணக்கெடுக்க வேண்டும், அதற்கும் காலனிக் கலனை முடிக்கவும் பணம் வந்துவிட்டது. மீதி, கணக்கைப் பார்த்த பிறகு. ஆயம்மாளிடம் மழைக்கு முன்பு அடுப்பு எரியும் என்று சொல்லுங்கள். நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்றே சொல்லுங்கள்.

அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. 'பத்தொன்பது பேர் என்று பதிவான ஒரு வீட்டின் தலைவர், யாரும் கேட்காமல், பலர் முன்னிலையில் அதைத் திருத்தினார்.' அதற்கு மேல் டெல்லிக்காரர் எதுவும் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

ஒரு வருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் உள்ள வீடு எங்கள் திட்டத்தில் வராது. எரிவாயு அடுப்பு உங்களுக்குக் கிடைக்காது. நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். உங்களுக்கு இது முன்பே தெரியும், தெரிந்தேதான் சொன்னீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறு கணக்குக்கு உங்கள் ஊருக்கு ஜீவாவையே அனுப்பலாம் என்று இருக்கிறோம். அவருக்கு ஊர் பழக்கமாகிவிட்டது.

எழில்மதி

*

கச்சிராயபாளையம்
3.3.1988

மருமகள் எழில்மதிக்கு மாமன் ஆதிமூலம் எழுதுவது. நான் சுகம். உன் அத்தைக்கு இருமல் இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. காலனிக்குப் போய் ஆயம்மாளிடம் சேதியைச் சொன்னேன். நான் கட்டவில்லை, சென்னைக்காரர்கள் கட்டுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவள், 'அது எனக்கு மொதல்லயே தெரியும் சாமி, நீ வருத்தப்படுவேன்னு கேக்கல' என்றாள்.

அடுப்பு கிடைக்காததற்கு வருத்தப்படாதே. புகை போக மேல் ஓட்டில் இரண்டை எடுத்துவிட்டு ஒரு தகரக் குழாய் வைத்திருக்கிறேன். முக்கால் புகை வெளியே போகிறது. மீதி இருக்கிறது.

விறகை நேற்று நானே நிறுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மூன்றரைக் கிலோ. பற்றவைக்கிற காய்ந்த கரும்புச் சோகை தனி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தராசு அரங்கநாதன் வீட்டுத் தராசு, வேண்டுமானால் அவனைக் கேட்டுக்கொள்.

ஏப்ரலில் கணக்குக்கு ஜீவாவை அனுப்ப வேண்டாம். நல்ல பையன்தான். பாயில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, எத்தனை பேர் என்று அவன் மரியாதையாகக் கேட்பான். அப்படி ஒருவன் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீயே வா.

மாமன்,
ஆதிமூலம்